எட்டையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தவர்

திருவாரூருக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில், நாலு பக்கமும் வயல் சூழ்ந்த ஒரு இன்ஜினியரிங் காலேஜில் நாகரத்தினம் பதினோரு வருடமாக லேப் அசிஸ்டென்ட். வேலை காலேஜில்தான், பேரெல்லாம் வெளியில். சுற்று வட்டாரத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பந்தி பார்க்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். சமைக்கிறவர் வேறு, இலை போடுகிறவர் வேறு, பரிமாறுகிறவர் வேறு. நாகரத்தினம் இதில் எதையும் தொட மாட்டார். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நின்று ஆட்களை உட்கார வைப்பார், அவ்வளவுதான். அது என்ன பெரிய வேலை என்று கேட்கிறவர்கள் சொந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்து பார்க்காதவர்கள்.

அவருக்குக் கொள்கை ஒன்றே ஒன்று. நடுவில் இலை காலியாக இருக்கக் கூடாது. முதல் வரிசை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிரம்பிய பிறகுதான் அடுத்த வரிசைக்கு ஆள் போக வேண்டும். மாமனும் மச்சானும் பேசிக்கொண்டே வந்து நடுவில் ஒரு இடம் விட்டு உட்கார்ந்தால், “கொஞ்சம் நெருங்கி உக்காருங்க” என்பார். தாசில்தாராக இருந்தாலும் நெருங்கித்தான் உட்கார வேண்டும். காலி இலையைப் பார்த்தால் அவருக்கு முன்பல் விழுந்த வாயைப் பார்ப்பது போலிருக்கும்.

லேப்பில் அவர் வேலை இதைவிடச் சுலபம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு குளிர் அறை, அதில் ஒரு பெரிய சர்வர், அதற்கு அவர் பொறுப்பு. தினமும் காலை ஒன்பதரைக்கு உள்ளே போய் ரிஜிஸ்டரில் மூன்று வரி எழுதுவார். ‘ஏ.சி. ஓடுகிறது. பச்சை விளக்கு எரிகிறது. இயந்திரம் திறக்கப்படவில்லை.’ மூன்றாவது வரிதான் முக்கியம். விற்ற கம்பெனியின் ஆளைத் தவிர வேறு யாரும் அதைத் திறக்கக் கூடாது, திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்று ஒப்பந்தம். சர்வர் வந்த நாலு வருடத்தில் அந்த வரியை அவர் ஆயிரம் தடவை எழுதியிருப்பார். ஒரு தடவைகூட அது பொய் இல்லை. பன்னிரண்டு வருடம் ஒழுங்காக இருந்தால் வேலை நிரந்தரம் என்பது காலேஜ் விதி. அவருக்கு வருகிற சித்திரையோடு பன்னிரண்டு முடிகிறது. வீட்டில் மனைவி சந்திரலேகா சித்திரைக்கு இன்னும் எத்தனை மாதம் என்று அவருக்கே அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த சர்வர் மழை பார்க்கும். இரவு ஒரு மணிக்குத் தானாகக் கணக்கைத் தொடங்கி ஐந்து மணிக்கு முடிக்கும். ஐந்தரைக்கு எழுநூறு விவசாயிகளுக்கும் படகுக்காரர்களுக்கும் போனில் செய்தி போகும்: இன்றைக்கு எந்தப் பக்கம் எத்தனை மணிக்கு மழை. இந்தக் கணக்கைச் செய்ய சர்வருக்குள் இரண்டு ப்ராசஸர் உண்டு. மேற்குப் பாதி டெல்டா ஒன்றுக்கு, கிழக்குப் பாதி இன்னொன்றுக்கு. இரண்டும் தனித்தனியாக ஓடிவிட முடியாது. ஒவ்வொரு படியிலும் முதலில் முடித்தது அடுத்தது முடிக்கும்வரை காத்திருக்கும், மேகம் நடுவில் கோடு பார்த்து நிற்காது என்பதால். கணக்குக்கு வேண்டிய எண்கள் எல்லாம் ரேமில் இருக்கும். சாண் நீளம்கூட இல்லாத எட்டுப் பச்சைப் பலகைகள், அதுதான் ரேம்.

இந்தக் கணக்கின் ப்ரோக்ராமைப் பார்த்துக்கொண்டவள் ஷிஃபா. ஆராய்ச்சி உதவியாளர், வயது இருபத்தாறு. முத்துப்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவாள். அவள் அப்பா காதர் மைதீன் அங்கே படகுக்காரர்களுக்கு வலையும் கயிறும் விற்கிறவர். கடைக்கு வருகிறவர்கள், “ஒம் பொண்ணு இன்னிக்கு மழைன்னு சொல்லியிருக்கே பாய்” என்று சொல்லிவிட்டுத்தான் கயிறு விலை கேட்பார்கள். ஷிஃபா ஒன்றரை வருடம் உட்கார்ந்து ப்ரோக்ராமைப் புதிதாக எழுதினாள். மேகத்தை முன்பைவிட நுணுக்கமாகப் பார்க்கிற ப்ரோக்ராம். புரட்டாசி நடுவிலேயே தயாராகிவிட்டது. ஆனால் துறைத் தலைவர் பேராசிரியர் மனோகரன் நாள் பார்க்காமல் எதையும் செய்ய மாட்டார். “விஜயதசமி அன்னைக்கு ஆரம்பிச்சுடலாம்மா. அதைவிட நல்ல நாள் ஏது” என்றார்.

விஜயதசமிக்கு முன்னால் ஆயுத பூஜை. பூஜை அன்று ஆயுதத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதால் மனோகரன் சொல்லி ஷிஃபா முதல் நாளே சர்வரை நிறுத்திவிட்டு ஊருக்குப் போனாள். மற்ற வருடங்களில் நாகரத்தினம் சர்வர் கதவில் மூன்று விரலால் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, ஒரு எலுமிச்சம்பழத்தை, ஏற்றி நசுக்கச் சக்கரம் இல்லாததால், பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிடுவார். அந்த வருடம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை வராமல் இருந்தால் நல்லவர்.

டிராக்டர்காரன் ஒவ்வொரு பாகமாகக் கழுவுகிறான். கொல்லன் உலைக்கூடத்தில் ஒரு ஆணி விடாமல் துடைத்து வைக்கிறான். நாம் மட்டும் வெளிக்கதவுக்குப் பொட்டு வைத்துவிட்டு வருவது சாமியை ஏமாற்றுகிற வேலையில்லையா? உள்ளே நாலு வருடத் தூசி இருக்குமே?

திறந்தார். தூசி இருந்தது. கையை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு எட்டு ரேமையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். மெல்லிய துணியால் ஒத்தி எடுத்து, தாம்பாளத்தில் தலைவாழை இலை விரித்து அதன் மேல் அடுக்கினார். ஈரம் படாமல், ஸ்டிக்கர் ஒட்டிய இடமாகப் பார்த்து ஊசி முனையளவு சந்தனம் வைத்தார். சூடம் காட்டினார், தள்ளி நின்றுதான். அதுவரைக்கும் எந்தக் கெடுதலும் நடக்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். பின்னால் சந்தனத்தின் மேல் பழி போடப் பார்த்தவர்கள் உண்டு.

திரும்பச் செருகும்போதுதான் விஷயம். ஒவ்வொரு ப்ராசஸர் பக்கத்திலும் ரேம் செருக எட்டு ஸ்லாட், ஆக மொத்தம் பதினாறு. ரேம் எட்டுதான். கம்பெனி இன்ஜினியர் என்ன செய்திருந்தான் என்றால், இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு, அதுவும் ஒரு ஸ்லாட் விட்டு ஒரு ஸ்லாட்டாகச் செருகியிருந்தான். கழற்றும்போதே நாகரத்தினம் அதைக் கவனித்தார். பார்க்கச் சகிக்கவில்லை. அவசரத்தில் கண்ட இடத்தில் உட்கார வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தார். முதல் பக்கத்தில் எட்டு இடம் இருக்கிறது, இருப்பதும் எட்டு. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எட்டையும் நெருக்கமாக, வரிசையாக, நடுவில் ஒன்றும் காலியில்லாமல் செருகினார். அடுத்த பக்கத்தைத் துடைத்துச் சுத்தமாக விட்டார். தள்ளி நின்று பார்த்தார். அழகாக இருந்தது.

ரிஜிஸ்டரில் அன்று ‘பூஜை செய்யப்பட்டது’ என்று மட்டும் எழுதினார். மூன்றாவது வரியை எழுதவில்லை. பொய் எழுத அவருக்குக் கை வராது.

விஜயதசமி காலையில் நல்ல நேரத்தில் மனோகரன் முன்னிலையில் ஷிஃபா புதிய ப்ரோக்ராமைத் தொடங்கினாள். சுண்டல் கொடுத்தார்கள். சர்வர் கிளம்பியது, எல்லா விளக்கும் பச்சை. ரேம் மொத்தம் எவ்வளவு என்று திரையில் வந்தது. முன்பு எவ்வளவோ அவ்வளவே. எதுவும் குறையவில்லை. குறையாத பொருளை யாரும் தேட மாட்டார்கள்.

மறுநாள் கணக்கு ஐந்து மணிக்கு முடியவில்லை, பத்து மணிக்கு முடிந்தது. காலை ஏழு மணிக்கு மன்னார்குடிப் பக்கம் மழை பெய்யும் என்று பத்து மணிக்குச் செய்தி போனது. அந்தச் செய்தியில் தப்பே இல்லை. ஏழு மணிக்கு மழை பெய்துதான் இருந்தது. மன்னார்குடியில் நனைந்தவர்கள் போன் செய்து அதை உறுதிப்படுத்தினார்கள்.

அடுத்த நாளும் பத்து. அதற்கடுத்த நாள் பத்தே கால். யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: ப்ரோக்ராம் மாறியது, வேகம் போனது. பழைய ப்ரோக்ராமைத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஷிஃபா கேட்டாள். விஜயதசமியில் தொடங்கியதைப் பின்னால் இழுக்கக் கூடாது என்றார் மனோகரன். அவர் கெட்டவர் இல்லை. நல்ல நாளின் மேல் அபாரமான நம்பிக்கை உள்ளவர், அவ்வளவுதான்.

ஷிஃபா தன் ப்ரோக்ராமை வரி வரியாகப் படித்தாள். பிறகு திரும்பப் படித்தாள். வெட்டினாள், சேர்த்தாள், கால் மணி நேரம் குறைந்தது. நாகரத்தினம் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ப்ரோக்ராம் அவருக்குப் புரியாது. அவருக்குப் புரிந்தது டிபன் பாக்ஸ். மதியம் ஒன்றேகாலுக்கு அவள் அதைத் திறப்பாள், ஸ்பூனை வைப்பாள், மூடிவிடுவாள். முழு டப்பா அப்படியே முத்துப்பேட்டைக்குத் திரும்பிப் போகும். எத்தனையோ கல்யாணத்தில் இலையைப் பார்த்தே வீட்டு நிலவரம் சொன்னவர் அவர்.

“ரெண்டு வாய் சாப்பிடும்மா.”

“பசிக்கல அண்ணே.”

இப்படி மூன்று வாரம் போனது. மழைச் செய்தித் திட்டத்துக்கு அனுமதி தந்த கமிட்டியிலிருந்து கடிதம் வந்தது: தாமதத்துக்கு யார் பொறுப்பு, என்ன காரணம், எழுத்து மூலம் தெரிவிக்கவும். மனோகரன் ஷிஃபாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தட்டச்சு செய்த ஒரு தாளை முன்னால் நகர்த்தினார். ‘நான் எழுதிய ப்ரோக்ராமில் உள்ள குறைபாடே காரணம்’ என்று அதில் இருந்தது. அந்தக் கடிதம் போனால் அவள் வேலை மாசக் கடைசியோடு முடியும் என்பதும், அதற்குப் பிறகு வேறு எந்த இடத்திலும் அவளை ப்ரோக்ராமைத் தொட விட மாட்டார்கள் என்பதும் இரண்டு பேருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டாள். திங்கட்கிழமை தபால்.

நடுவில் ஞாயிற்றுக்கிழமை ஒரு முகூர்த்தம்.

திருவாரூர் பைபாஸில் புதிதாகக் கட்டிய மண்டபம். நாகரத்தினம் அதில் பந்தி பார்ப்பது அதுதான் முதல் தடவை. மாடியில் சாப்பாட்டுக் கூடம், இடப்பக்கம் எட்டு வரிசை, வலப்பக்கம் எட்டு வரிசை. பழைய மண்டபங்களில் சமையல்கட்டுக்கு ஒரே வாசல்தான் இருக்கும். இதில் இரண்டு. இடது வாசலில் ஒரு பரிமாறும் குழு, வலது வாசலில் இன்னொன்று. ஆளுக்கொரு சாதக் கூடை, ஆளுக்கொரு சாம்பார் வாளி. முதல் பந்திக்கு ஆள் பாதிக் கூடத்துக்குத்தான் இருந்தார்கள். நாகரத்தினம் வழக்கப்படி இடப்பக்கத்தை நெருக்கமாக நிரப்பினார். ஒரு இலை காலியில்லை. வலப்பக்கம் சுத்தமாகக் கிடந்தது.

பதினைந்து நிமிடத்தில் கூச்சல். “சோறு ஆறிப்போச்சுங்க, சாம்பார் எங்க?” என்று பெண்ணின் தாய்மாமன் எழுந்தே நின்றுவிட்டார். இடது வாசல் குழு இரண்டு வரிசைக்கு நடுவில் ஒரே சந்தில் முன்னும் பின்னுமாக முட்டிக்கொண்டிருந்தது. சாம்பார் வாளி ரசத்துக்கு வழிவிடவில்லை, ரசம் அப்பளத்துக்கு வழிவிடவில்லை. வலது வாசல் குழு வாளியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றது. உதவிக்கு வரச் சொன்னால், கூடத்தைச் சுற்றிக்கொண்டு நடுவழியாக அவர்கள் வந்து சேர்வதற்குள் ரசம் பாதி தரையில். சாம்பார் குறைவில்லை. ஆளும் குறைவில்லை. ஆனாலும் ஐம்பது நிமிடம் ஆனது முதல் பந்தி முடிய.

நாகரத்தினம் வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டாம் பந்தியில் ஆட்களைப் பிரித்தார். பாதி இடப்பக்கம், பாதி வலப்பக்கம். அதிலும் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை, பரிமாறுகிறவன் நடக்க இடம் இருக்கட்டும் என்று. கூடம் முழுக்க முன்பல் போன வாயாகத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டார். இருபத்தைந்து நிமிடத்தில் பாயசம் வந்துவிட்டது.

குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது அவருக்கு அந்தக் கம்பெனி இன்ஜினியர் ஞாபகம் வந்தான். இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு, ஒன்று விட்டு ஒன்று.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, பின்னால் வரிசையில் நின்றவர் “என்னங்க, முடிஞ்சுதா?” என்று கேட்கும்வரை.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். சந்திரலேகா பதறவில்லை. “நாளைக்கு நேரத்தோட போங்க. யாரும் வர்றதுக்குள்ள முன்ன இருந்த மாதிரி மாத்தி வெச்சுட்டு வந்துடுங்க. சித்திரைக்கு அஞ்சு மாசம்தான் இருக்கு” என்றாள். அவர் நினைத்ததையே அவளும் சொன்னது அவருக்கு ஆறுதலாக இருந்தது. நேர்மையானவர்தான், ஆனால் சித்திரை எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது.

திங்கட்கிழமை ஏழரைக்கே போனார். ஷிஃபா ஏழு மணிக்கே வந்திருந்தாள். மேஜையைக் காலி செய்து, தன் புத்தகங்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

நாகரத்தினம் கொஞ்ச நேரம் ஏ.சி.யைப் பார்த்தார். பிறகு பொதுவாகக் கேட்பது போலக் கேட்டார். “ஏம்மா, அந்த ரேமெல்லாம் ஒரே பக்கமா இருந்தா மெஷினு மெதுவா ஓடுமா?”

“ஆமாண்ணே. ஒவ்வொரு ப்ராசஸரும் பக்கத்துல இருக்கற ரேம்லேர்ந்து எடுக்கணும். எங்க வீட்டுல சஹன்ல உக்காந்து சாப்புடுவோம்ல, ஒரே பெரிய தட்டு, சுத்தி நாலு பேரு. அவங்கவங்க முன்னாடி இருக்கறதத்தான் எடுக்கணும். சோறு பூராவும் ஒருத்தர் பக்கம் குவிஞ்சு கெடந்தா எதிர்ல இருக்கறவரு எட்டி எட்டி எடுக்கணும். அவரு முடிக்கற வரைக்கும் மத்தவங்களும் கை கழுவ முடியாது.” சொல்லிக்கொண்டே புத்தகத்தைப் பையில் வைத்தவள் நிறுத்தினாள். “எதுக்குக் கேக்கறீங்க?”

“ஒண்ணொண்ணா விட்டுச் செருகாம, நெருக்கி செருகினா?”

“அது இன்னும் மோசம். பக்கத்துப் பக்கத்து ஸ்லாட் ரெண்டுக்கும் போற வழி ஒண்ணுதான்.” அவள் பையை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு வரி தட்டினாள். திரையில் இரண்டு வரி வந்தது. முதல் ப்ராசஸரின் பக்கத்தில் எல்லா ரேமும் இருந்தன. இரண்டாவதன் பக்கத்தில் பூஜ்யம்.

ஷிஃபா அந்தப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாக அவள் மொத்தத்தைத்தான் பார்த்தாள். யார் பக்கம் எவ்வளவு என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

“யாருண்ணே தொறந்தா?”

கம்பெனி ஆள் வந்திருப்பான் என்று சொல்லியிருக்கலாம். எலி என்றுகூடச் சொல்லிப் பார்த்திருக்கலாம். அவர் ரிஜிஸ்டரைப் பார்த்தார், சித்திரையை நினைத்தார், மேஜையில் மூடியிருந்த டிபன் பாக்ஸைப் பார்த்தார்.

“நான்தாம்மா. ஆயுத பூஜைக்கு.”

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் நாற்காலியில் அப்படியே சாய்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். “அப்போ என் ப்ரோக்ராம் சரிதானாண்ணே? நான் எனக்கு மூளையே மந்தமாயிடுச்சுன்னு நெனச்சுட்டேன். மூணு வாரமா வாப்பாகிட்ட சொல்லாம அழுவுறேன்” என்றாள். நாகரத்தினத்துக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விட வேண்டும் போலிருந்தது. வெட்கமும் துக்கமும் ஒன்றாக வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அவளுக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

எப்படியும் பத்து மணிக்குத்தான் முடியும் அன்றைய கணக்கைப் பாதியில் விட்டு, இரண்டு பேருமாகச் சர்வரை நிறுத்தித் திறந்தார்கள். இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு, ஒன்று விட்டு ஒன்று. சந்தனம் காய்ந்து அப்படியே இருந்தது. ஒரு மணி நேர மழையை மட்டும் சோதனைக்குக் கணக்குப் போட வைத்தாள். வெள்ளிக்கிழமை பதினோரு நிமிடம் ஆனது இப்போது ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பழைய ப்ரோக்ராம் ஓடிய வேகமேதான், ஆனால் மேகம் எவ்வளவோ துல்லியமாகத் தெரிந்தது.

பத்து மணிக்கு மனோகரன் வந்தார். முழுவதையும் கேட்டார். சந்தோஷப்பட்டார். பிறகு கதவைச் சாத்திவிட்டு நாகரத்தினத்திடம் தணிந்த குரலில் பேசினார்.

“சரியாயிடுச்சுல்ல, அதோட விடுங்க நாகரத்தினம். நீங்க தொறந்தீங்கன்னு எழுதினா உத்தரவாதம் போயிடும், கமிட்டி என்னைக் கேக்கும். ப்ரோக்ராம்ல கோளாறு இருந்துச்சு, சரி பண்ணிட்டோம்னு அந்தப் பொண்ணு லெட்டரையே அனுப்பிடறேன். உங்களுக்கும் சித்திரையில பர்மனென்ட் ஆகணும்.”

“அந்தப் புள்ளைக்கு வேலை போயிடுமே சார்.”

“தைக்குக் கல்யாணம் வெச்சிருக்காங்களாம். போற பொண்ணுதானே.”

போகிற பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நாளைக் காலை மழையைக் கணக்குப் போடத் தயார் செய்துகொண்டிருந்தாள். கல்யாணம் என்ற ஒரு வார்த்தையை வைத்து எதை வேண்டுமானாலும் மூடிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் படித்தவர்களிலும் உண்டு.

“கமிட்டிக்கு ஒரு லெட்டர் வேணும், அவ்வளவுதானே சார்?” என்றார் நாகரத்தினம். ரிஜிஸ்டரை எடுத்து மனோகரனின் மேஜையிலேயே வைத்து எழுதினார்.

‘ஏ.சி. ஓடுகிறது. பச்சை விளக்கு எரிகிறது. ஆயுத பூஜை அன்று இயந்திரம் என்னால் திறக்கப்பட்டது. எட்டு ரேமையும் ஒரே பக்கத்தில் செருகியவன் நான். இன்று மறுபடி திறந்து பிரித்துச் செருகினேன். செல்வி ஷிஃபாவின் ப்ரோக்ராமில் குறை எதுவும் இல்லை.’

தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டார். “இதை நகல் எடுத்து அனுப்பிடுங்க. அந்த லெட்டரைக் குடுங்க” என்று கையை நீட்டினார். ரிஜிஸ்டரில் பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சடித்திருந்தது, தாளைக் கிழித்தால் தெரிந்துவிடும் என்பதால் மனோகரனுக்கு வேறு வழி இல்லை. ஷிஃபாவின் கடிதத்தை நாகரத்தினம் நாலாகக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். குப்பைக்கூடையில் போட அவருக்கு நம்பிக்கை இல்லை.

நகலைப் படித்துவிட்டு கமிட்டி பதில் எழுதியது: விளக்கம் ஏற்கப்படுகிறது, ஷிஃபாவின் பணி தொடரலாம். கம்பெனி ஆள் வந்து பார்த்தான். சர்வரின் உத்தரவாதம் ஒரு வருடத்துக்கு முன்பே முடிந்துவிட்டது என்றும், அதை யாரும் கவனிக்கவில்லை போல என்றும் சொல்லி, சந்தனப் பொட்டை போனில் படம் எடுத்துக்கொண்டு போனான். ஆனால் எழுதியது எழுதியதுதான். நாகரத்தினத்தை லேப்பிலிருந்து எடுத்துத் தேர்வுப் பிரிவில் போட்டார்கள். பிரிவு மாறினால் பன்னிரண்டு வருடக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அங்கே அவர் வேலை பரீட்சை ஹாலில் மாணவர்களை உட்கார வைப்பது, ஒரு இடம் விட்டு ஒரு இடம். சந்திரலேகா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், “இன்னும் பன்னெண்டு வருஷமா?” என்று மட்டும் கேட்டாள். அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

தையில் முத்துப்பேட்டையில் ஷிஃபாவுக்குக் கல்யாணம். மறுவாரமே வேலைக்கு வந்துவிடுவேன் என்று பத்திரிகை கொடுக்கும்போதே சொல்லியிருந்தாள். நாகரத்தினம் போனார். மனோகரனும் வந்திருந்தார், நல்ல நாள்தான். சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையும் இல்லை, இலையும் இல்லை. பாய் விரித்து, நடுவில் பெரிய சஹன் வைத்து, நாலு நாலு பேராகச் சுற்றி உட்கார்ந்தார்கள். நாகரத்தினம் பழக்க தோஷத்தில் வாசலிலேயே நின்று, எந்தப் பக்கத்தில் இடம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்து அவர் கையைப் பிடித்தார். “நீங்கதானே நாகரத்தினம்? நான் ஷிஃபாவோட வாப்பா. வாங்க தம்பி, உக்காருங்க.”

“இருக்கட்டும் பாய், எல்லாரும் உக்காரட்டும்.”

“எல்லாரும் உக்காந்தாச்சு. நீங்கதான் பாக்கி.”

காதர் மைதீன் அவரைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்தார். எதிரில் மனோகரன். மனோகரனுக்குப் பக்கத்தில் கயிறு வாங்க வருகிற ஒரு படகுக்காரர். கல்யாணங்களில் நாகரத்தினம் எப்போதும் கடைசியில், சமையல்காரர்களோடு நின்றுகொண்டே சாப்பிட்டுத்தான் வழக்கம். உட்கார்ந்ததும் காலை எப்படி மடக்குவது என்றே அவருக்குத் தெரியவில்லை. காதர் மைதீன் பிரியாணியிலிருந்து நல்ல கறித்துண்டுகளாகப் பார்த்து அவர் பக்கம் ஒதுக்கிக்கொண்டே இருந்தார்.

“நீங்க என்ன செஞ்சீங்கன்னு எனக்குத் தெரியாது தம்பி. அந்த மெஷினுக் கதையெல்லாம் புள்ள சொல்லுச்சு, எனக்கு ஒண்ணும் வெளங்கல.” தலையைக் குனிந்துகொண்டே பேசினார். “ஐப்பசியில மூணு வாரம் அவ சாப்பிடவே இல்ல. டப்பா போனபடியே வரும். ஒரு திங்கக்கிழமை ராத்திரி வந்தா, சட்டியில இருந்த சோறு பூராவும் தின்னா. அவ உம்மா நின்னு பாத்துட்டு அழுதா. அது உங்களாலன்னு சொன்னா. சாப்புடுங்க தம்பி.”

நாகரத்தினத்துக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் முடியவில்லை, கையெல்லாம் நெய். எதிரில் மனோகரன் தன் பக்கத்திலிருந்த ஒரு முட்டையை எடுத்து அவர் பக்கம் வைத்தார். நாகரத்தினம் அதையும் சாப்பிட்டார்.